காகிதத்தில் அடித்த நாணயம்: ஒரு ரூபாய் நோட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

போட்டித் தேர்வுக்குப் படித்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுவது யார்? மத்திய நிதித்துறைச் செயலாளர். மற்ற நோட்டுகளில்? ரிசர்வ் வங்கி ஆளுநர். சரி, ஒரு மதிப்பெண் கிடைத்துவிட்டது, அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஏன் அப்படி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் “அது சின்ன நோட்டு, அதனால் அரசாங்கமே அடிக்கிறது” என்று ஒரு பதிலைச் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு ரூபாயும் சின்ன நோட்டுதானே? அதில் ஆளுநர்தான் கையெழுத்துப் போட்டார்.

நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். என் மேசையில் இப்போது ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் நோட்டு, ஊதா நிறம், பலர் கைபட்டு மங்கியது. நான்காக மடித்த தடம், ஓரத்தில் வங்கிக் கட்டிலிருந்து பிய்த்தபோது விழுந்த இரண்டு ஸ்டேப்ளர் பின் ஓட்டைகள். முன்பக்கம் ‘பாரத் சர்க்கார்’ என்று இந்தியிலும் ‘கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா’ என்று ஆங்கிலத்திலும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பெயர் எங்கும் இல்லை. ‘இன்ன தொகையைத் தருவதாக உறுதியளிக்கிறேன்’ என்று மற்ற நோட்டுகளில் ஆளுநர் கொடுக்கும் வாக்குறுதியும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வட்டம்: சிங்க முத்திரை பதித்த ஒரு ரூபாய் நாணயம். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலும் ஒரு வட்டம். அதே நாணயத்தின் மறுபக்கம், ஆண்டோடு சேர்த்து.

இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அலங்காரம் என்று நினைத்துக் கடந்திருக்கிறோம். அலங்காரம் இல்லை. நோட்டின் முன்பக்கத்தில் நாணயத்தின் தலை, பின்பக்கத்தில் நாணயத்தின் பூ. ஒரு நாணயத்தைத் தட்டித் தட்டிக் காகிதமாக்கியது போன்ற வடிவம் இது. சட்டமும் இதை நோட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்திலேயே ‘இந்திய அரசின் ஒரு ரூபாய் நோட்டும் இதில் அடங்கும்’ என்று சேர்த்துக்கொள்கிறது. நாணயம் அடிப்பது அரசின் வேலை, நோட்டு வெளியிடுவது ரிசர்வ் வங்கியின் வேலை. அதனால்தான் அந்தக் கையெழுத்து. தேர்வு விடைக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான்.

ஆனால் ஒரு காகிதத்தை நாணயம் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது? அதற்கு முதல் உலகப் போருக்குப் போக வேண்டும்.

வெள்ளி தீர்ந்த கதை

அன்றைய ரூபாய் என்பது ஒரு தோலா எடை. 180 கிரெயின், நம் கணக்கில் சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நாட்டு மருந்துக் கடையிலும் பட்டறையிலும் ‘ஒரு ரூபாய் எடை’ என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். நோட்டுகள் 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்திலிருந்தே அரசு வெளியீடாக இருந்தன. ஆனால் மிகச் சிறிய நோட்டே 5 ரூபாய். அதற்குக் கீழே எல்லாம் உலோகம்தான். விவசாயிக்கு நெல்லுக்கோ பருத்திக்கோ கொடுக்கும் காசு, சிப்பாய்க்குச் சம்பளம், கூலிக்காரருக்குக் கூலி என எல்லாம் வெள்ளி ரூபாயாகக் கை மாறியது.

போர் வந்ததும் இந்தியாவிலிருந்து சணல், கோதுமை, தோல் என்று பிரிட்டனுக்கும் நேச நாடுகளுக்கும் சரக்கு குவிந்து போயிற்று. மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நடந்த போருக்கான செலவில் பெரும்பகுதியை பிரிட்டனுக்காக இந்திய அரசே இங்கிருந்து செய்தது. அதற்கான பணம் லண்டனில் ஸ்டெர்லிங் பவுண்டாக வரவு வைக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் இந்தியா பணக்கார நாடு. ஆனால் இங்கே சரக்கு கொடுத்தவனுக்கு லண்டன் கணக்கைக் காட்ட முடியுமா? அவனுக்கு ரூபாய் வேண்டும், ரூபாய்க்கு வெள்ளி வேண்டும். அதே நேரத்தில் மெக்சிகோவில் உள்நாட்டுக் கலவரம். உலகின் முக்கியமான வெள்ளிச் சுரங்கங்கள் படுத்துவிட்டன. விலை ஏறத் தொடங்கியது.

இங்கே ஒரு எண் முக்கியம்: 43 பென்ஸ். லண்டனில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தொட்டால், ஒரு ரூபாய் நாணயத்தில் இருக்கும் வெள்ளியின் விலையும் ரூபாயின் அன்றைய மாற்று மதிப்பான 1 ஷில்லிங் 4 பென்ஸும் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) சமம். அதைத் தாண்டினால் நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம். 1917 ஆகஸ்ட் மாதம் விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. அதற்கு முன்பே, ஜூன் கடைசியில், நாணயத்தை உருக்கக் கூடாது, பணமாகத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. ஆகஸ்ட் 28-இல் ரூபாயின் மாற்று மதிப்பை 1 ஷில்லிங் 5 பென்ஸ் ஆக உயர்த்தினார்கள். அடுத்து தங்கம், வெள்ளி நாணய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. எல்லாம் ஓட்டைப் பானையில் விரல் வைத்து அடைக்கும் வேலைதான்.

அந்த நெருக்கடியில்தான் 1917 நவம்பர் 30 அன்று முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அச்சடித்தது இங்கிலாந்தில். நோட்டு அச்சடிக்க நாசிக்கில் அச்சகம் வருவதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது.

அதன் வடிவமைப்பில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அன்றைய 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளில் யார் முகமும் கிடையாது. எழுத்தும் கொடி வேலைப்பாடும்தான். நாணயங்களில்தான் ராஜா முகம். கிராமத்துக்காரன் பணத்தை அடையாளம் கண்டது அந்தத் தலையை வைத்துத்தான். எனவே புதிய நோட்டின் முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படத்தை அப்படியே வைத்தார்கள். பின்பக்கம் அதே நாணயத்தின் மறுபக்கம், 1917 என்ற ஆண்டோடு. அதனருகே எட்டு இந்திய மொழிகளில் ‘ஒரு ரூபாய்’. தமிழும் அதில் ஒன்று. இது வேறு ஏதோ காகிதம் இல்லை, நீ வாங்கிக்கொண்டிருந்த அதே ரூபாய்தான் என்று படத்தாலேயே சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் வேறு எப்படிச் சொல்ல முடியும்? இந்திய நோட்டில் ஒரு அரசரின் உருவம் வந்தது இதுவே முதல் முறை. பின்னால் வந்த ராஜா படம் போட்ட பெரிய நோட்டுகளுக்கெல்லாம் முன்னோடி இந்தக் குட்டி நோட்டுதான்.

இன்னொரு விவரம் எனக்குப் பிடித்தது. இந்த நோட்டுகள் 25 சேர்ந்த சிறு புத்தகமாக வந்தன. செக் புத்தகம் போல ஓரத்தில் ஊசித் துளை வரிசை. தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். இன்று சேகரிப்பவர்கள் அந்தத் துளை ஓரம் சிதையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கதிர் விரித்த நட்சத்திரம் நீர்க்குறியாகத் தெரியும். கையெழுத்து கன்ட்ரோலர் ஆஃப் கரன்சி என்ற அதிகாரியுடையது. குப்பாய், மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்ற மூவர் கையெழுத்திலும் நோட்டுகள் உண்டு.

இதைத் தொடர்ந்தே 2 ரூபாய் 8 அணாவுக்கும் ஒரு நோட்டு வந்தது. இரண்டரை ரூபாய் நோட்டு! பத்தில் கால், ஐந்தில் பாதி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் இருக்கிறது; ஆனாலும் மக்கள் மனதில் ஒட்டவில்லை. ஒட்டாததாலேயே இன்று கிடைப்பது அரிது, ஏலத்தில் விலையும் அதிகம்.

வாக்குறுதியைக் கேட்டு வந்த கூட்டம்

இப்போது அந்த முதல் நோட்டில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஒரு ரூபாய் நோட்டில் இல்லாத வாக்குறுதி அதில் இருந்தது. கேட்டவுடன் எந்த வெளியீட்டு அலுவலகத்திலும் ஒரு ரூபாய் தருவதாக அரசு எழுதிக் கொடுத்திருந்தது. வெள்ளி இல்லாததால் அடித்த காகிதத்தில், வெள்ளி தருகிறேன் என்று வாக்கு!

1918 மார்ச்சில் மேற்குப் போர்முனையில் ஜெர்மனி பெரும் தாக்குதலைத் தொடங்கியது. பிரிட்டன் தோற்றுவிடும் என்ற பேச்சு சந்தைகளில் பரவியது. தோற்கும் அரசாங்கத்தின் காகிதம் எதற்கு? பம்பாயிலும் லாகூரிலும் கரன்சி அலுவலகங்களின் முன்னால் நோட்டுக் கட்டுகளோடு கூட்டம் சேர்ந்தது.

அரசு செய்த காரியங்களைப் படித்தால், நம் காலத்தில் ஏடிஎம் வரிசையில் நின்றவர்களுக்குப் பழகிய வாசனை அடிக்கும். வாக்குறுதியை ரத்து செய்யவில்லை. அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். மாவட்டக் கஜானாக்களில் நோட்டை வெள்ளியாக மாற்றும் வசதி நிறுத்தப்பட்டது. ரயிலிலும் நீராவிப் படகிலும் நாணயம் கொண்டுபோகத் தடை. தபாலில் அனுப்பத் தடை. வெளியீட்டு அலுவலகங்களில் மட்டும் சட்டப்படி கொடுத்தாக வேண்டும்; அங்கேயும் ஒரு நாளில் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. விளைவு எதிர்பார்த்ததுதான். ஊர்ப்புறத்தில் நோட்டுக்கு வட்டம் பிடிக்க ஆரம்பித்தார்கள். நோட்டில் எழுதிய மதிப்புக்குச் சரக்கு கிடைக்காது; வெள்ளியாகக் கொடுத்தால் ஒரு விலை, நோட்டாகக் கொடுத்தால் வேறு விலை.

1918 ஜூன் முதல் வாரத்தில் அரசின் கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய் 4 கோடி சொச்சம். ஒரு துணைக்கண்டத்துக்கே அவ்வளவுதான். இன்னும் சில நாள் கூட்டம் நின்றிருந்தால் வாக்குறுதி வெளிப்படையாகவே உடைந்திருக்கும்.

காப்பாற்றியது அமெரிக்கா. வாஷிங்டன் கருவூலத்தில் வெள்ளி டாலர் நாணயங்கள் மலைபோல் கிடந்தன. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் நிறைவேறியது. 35 கோடி வெள்ளி டாலர்கள் வரை உருக்கி விற்க அது அனுமதி தந்தது. அதன்படி 20 கோடி அவுன்ஸ் வெள்ளி இந்தியாவுக்காக பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் கீ பிட்மன், வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த நெவாடாவைச் சேர்ந்தவர். உருக்கியதற்கு ஈடாக அவுன்ஸுக்கு ஒரு டாலர் வீதம் உள்நாட்டு வெள்ளியைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே சேர்த்துவிட்டார். இந்தியாவுக்கு உதவியதைப் போலவும் ஆயிற்று, தொகுதிக்காரர்களுக்கு விலை உறுதி செய்ததைப் போலவும் ஆயிற்று. வெள்ளி வருகிறது என்ற செய்தி பரவியதுமே கூட்டம் கலையத் தொடங்கியது. கப்பல் வந்து சேர்ந்தது அப்புறம்தான்.

1917-இன் நோட்டு தோற்றுவிட்டது என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நோட்டின் வடிவம் தோற்கவில்லை. படம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது, மக்கள் வாங்கினார்கள். தவறு அந்த ஒரு வரியில் இருந்தது. நோட்டின் படம் ‘நானே ரூபாய்’ என்றது; எழுத்தோ ‘ரூபாய் வேறு எங்கோ இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்’ என்றது. நெருக்கடியில் மக்கள் எழுத்தை நம்பினார்கள்.

போர் முடிந்தது, வெள்ளி விலை 1920 பிப்ரவரியில் 89 பென்ஸ் வரை உச்சம் தொட்டுவிட்டு இறங்கியது. சின்ன நோட்டு சீக்கிரம் கிழிகிறது, அச்சடித்துக் கட்டுப்படியாகவில்லை என்று 1926 ஜனவரி 1 முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளியீட்டை நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்தியாவின் பண முறையை ஆராய்ந்து அதே ஆண்டில் அறிக்கை கொடுத்த ஹில்டன் யங் ஆணையம், ஒரு ரூபாய் நோட்டை மறுபடி கொண்டுவாருங்கள், அதை முழுச் செல்லுபடியுள்ள பணமாக்குங்கள் என்று பரிந்துரைத்தது. இனி வெளியிடும் நோட்டுகளுக்கு வெள்ளி ரூபாய் தருவதாகச் சட்டப் பொறுப்பு ஏற்க வேண்டாம் என்பதும் அதன் பரிந்துரை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். மருந்து கொடுக்க இன்னொரு போர் வர வேண்டியிருந்தது.

செத்த ராஜாவின் நோட்டு

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. மறுபடியும் அதே பீதி, அதே வரிசை, வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கும் அதே ஓட்டம். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று விதி வந்தது. ஆனால் இந்த முறை அரசு 1918-ஐ மறக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு ரூபாய் நோட்டு திரும்ப வந்தது, 1940-ஆம் ஆண்டின் நான்காம் அவசரச் சட்டத்தின் பலத்தோடு. அந்தச் சட்டம் செய்தது இவ்வளவுதான்: இந்த நோட்டு வெள்ளி ரூபாய்க்குச் சமமான செல்லுபடி உடையது, ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் ‘ரூபாய் நாணயம்’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இந்த நோட்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

நோட்டிலிருந்து வாக்குறுதி காணாமல் போனது. போகத்தானே வேண்டும். நாணயம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றும் அதுதான் நடைமுறை. 500 ரூபாய் நோட்டில் ஆளுநர் ‘500 ரூபாய் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறார். எதைத் தருவார்? நோட்டுக்கு ஈடாக ரூபாய் நாணயம் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. ரூபாய் நாணயம் என்பதில் ஒரு ரூபாய் நோட்டும் அடக்கம். ஆக, 500 ரூபாய் நோட்டை நீட்டினால் 500 ஒரு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாலும் ஆளுநர் வாக்கைக் காப்பாற்றியவர் ஆகிறார். நாட்டில் உள்ள எல்லா நோட்டுகளின் வாக்குறுதியும் கடைசியில் வந்து நிற்கும் படி இந்தக் குட்டி நோட்டுதான். ரிசர்வ் வங்கியின் கணக்கிலும் அப்படியே. வங்கி வெளியிட்ட மற்ற நோட்டுகள் அதன் கடன் பக்கத்தில் இருக்கும். கையிருப்பில் உள்ள ஒரு ரூபாய் நோட்டு சொத்துப் பக்கத்தில் ‘ரூபாய் நாணயம்’ என்ற தலைப்பின் கீழ் போகும். இரண்டும் காகிதம்தான். ஒன்று கடன், ஒன்று சொத்து.

வடிவமைப்பில் இந்த 1940 வெளியீடு ஒரு விசித்திரம். அவசரத்தில் வெளியே வந்தது புதிய அச்சு இல்லை. 1935-இல் நாசிக்கில் தயாராகி, ஜே. டபிள்யூ. கெல்லியின் கையெழுத்தோடு, வெளியிடாமல் வைத்திருந்த சரக்கு. அதில் இருந்தது ஐந்தாம் ஜார்ஜின் தலை. அவர் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். நடுவில் எட்டாம் எட்வர்டு வந்து முடி துறந்து போய், ஆறாம் ஜார்ஜ் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. இறந்து நான்கு ஆண்டு கழித்து ராஜாவின் முகம் புது நோட்டில் கைக்கு வந்தது. இதைவிட நுணுக்கமான கோளாறு ஒன்றும் உண்டு. அந்த நோட்டின் நாணயப் படத்தில் இருக்கும் ஆண்டு 1935. ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் ரூபாய் நாணயம் 1922 வரை அடிக்கப்பட்டது, பிறகு 1936-இல் அடிக்கப்பட்டது. 1935-இல் அடிக்கப்படவே இல்லை. உலோகத்தில் பிறக்காத நாணயத்தின் படம் அது.

சில மாதங்களில் ஆறாம் ஜார்ஜின் தலையோடு, 1940 ஆண்டிட்டு, சி. இ. ஜோன்ஸ் கையெழுத்தில் நோட்டு வந்தது. இந்தக் கையெழுத்துதான் பலர் வீட்டுப் பழைய பெட்டிகளில் கிடைப்பது. உலோகப் பக்கத்தில் அதே நேரத்தில் நடந்தது இதற்குப் பொருத்தமானது. 1940 கடைசியில் ரூபாயின் வெள்ளி மாற்றைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் ரூபாய்களை 1941-க்கும் 1943-க்கும் இடையில் படிப்படியாகத் திரும்பப் பெற்றார்கள். 1947-இல் வெள்ளி முழுவதும் போய் நிக்கல் வந்தது. அதாவது ரூபாய் நாணயமும் அதன் பங்குக்குப் பெயரளவு உலோகமாகிக்கொண்டிருந்தது. காகித நாணயமும் உலோக நாணயமும் பாதி வழியில் வந்து கைகுலுக்கிக்கொண்டன.

ஜோன்ஸ் நோட்டு ஊர் சுற்றியது. ஜப்பானியரிடமிருந்து பர்மாவை மீட்டபோது, ராணுவ நிர்வாகத்தின் முத்திரை குத்தி அங்கே செலவானது. 1948-இல் பாகிஸ்தான் அரசின் பெயரை மேலே அச்சடித்து அங்கேயும் கொஞ்ச காலம் ஓடியது. புது நாட்டுக்கு அச்சகம் இல்லை, நாசிக்தான் அடித்துக் கொடுத்தது.

சிங்கம் வந்த பிறகு

சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு எது என்பதும் தேர்வுக் கேள்விதான். 1949-இல் வந்த ஒரு ரூபாய். ராஜா தலையை எடுத்துவிட்டு யாரை வைப்பது என்ற விவாதத்தில் காந்தி படம்தான் முதலில் பேசப்பட்டது, மாதிரிகூட வரைந்தார்கள். கடைசியில் சாரநாத் சிங்கத் தூண் என்று முடிவாயிற்று. மற்றபடி நோட்டின் சட்டகம் பெரிதாக மாறவில்லை. கையெழுத்து, நிதித்துறைச் செயலாளராக இருந்த கே. ஆர். கே. மேனனுடையது.

இதற்குப் பிந்திய நாற்பத்தைந்து ஆண்டு வரலாற்றை நிறமாற்றம், ஆண்டு மாற்றம் என்று அடுக்கிக்கொண்டு போனால் தூக்கம்தான் வரும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாணயத்தின் தோற்றம் மாறும்போது நோட்டில் உள்ள படமும் பெரும்பாலும் மாறியது. 1969-இல் காந்தி நூற்றாண்டு நாணயம் வந்தபோது நோட்டிலும் காந்தி நாணயமே அமர்ந்தது. வளைகுடாவில் ஐம்பதுகளில் நம் ரூபாய்தான் புழங்கியது. அந்த ரூபாயைக் கொடுத்து தங்கம் கடத்தி வரும் தொழில் பெருகியதால் 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில், ‘இஸட்’ எழுத்து சேர்த்து, சிவப்பு ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. எண்பதுகளில் பின்பக்கம் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் ‘சாகர் சாம்ராட்’ மேடை வந்தது. என் மேசையில் இருப்பது அந்த வகைதான். ஒரு பக்கம் அசோகர் காலத்து சிங்கம், மறுபக்கம் எண்ணெய்க் கிணறு.

கையெழுத்துகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிதித்துறைச் செயலாளர் என்பது வெளியில் தெரியாத நாற்காலி. ஆனால் இந்த நோட்டை அடுக்கி வைத்தால் நாட்டின் பொருளாதார நிர்வாகமே வரிசையாக நிற்கிறது. எல். கே. ஜா, எஸ். பூதலிங்கம், எஸ். ஜகந்நாதன், ஐ. ஜி. படேல், மன்மோகன் சிங், எஸ். வெங்கிடரமணன். இவர்களில் பூதலிங்கம் தவிர மற்றவர்கள் பின்னால் ரிசர்வ் வங்கி ஆளுநர்களாகி மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டார்கள். மன்மோகன் சிங் கையெழுத்திட்ட ஒரு ரூபாய் நோட்டு எழுபதுகளின் கடைசியில் மளிகைக் கடை கல்லாவில் கிடந்தது. யாரும் அந்தப் பெயரைப் படித்திருக்க மாட்டார்கள். 1957 நோட்டில் கையெழுத்திட்ட எச். எம். படேல், 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நிதியமைச்சராக இருந்தார். ஒரு ரூபாயில் கையெழுத்திட்டவர் பெரிய நோட்டுகளை ஒழித்தார்.

சந்தடி சாக்கில் இதையும் சொல்லிவிடலாம்: 2016-இல் நடந்த மாதிரி ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவை வைத்து ஒரு ரூபாய் நோட்டைச் செல்லாது என்று அறிவிக்க முடியாது. அந்தப் பிரிவு வங்கி நோட்டுகளுக்கு மட்டும். இதை ஒழிக்க வேண்டுமானால் 25 பைசாவை ஒழித்த வழியில், நாணயச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

1994-இல் உலோகம் பழி வாங்கியது. ஒரு ரூபாய் நோட்டை அச்சடிக்கும் செலவு ஏறிக்கொண்டே போக, நாணயமோ எவர்சில்வரில் மலிவாக, பல ஆண்டு தேயாமல் ஓடியது. 1917-இலும் 1940-இலும் உலோகம் தட்டுப்பாடானதால் காகிதம் வந்தது. இப்போது காகிதம் கட்டுப்படியாகாததால் உலோகம் வந்தது. நவம்பர் 1994-இல் அச்சு நின்றது. அடுத்த ஆண்டில் 2 ரூபாய், 5 ரூபாய் நோட்டுகளும் நின்றன. ஏற்கெனவே வெளியில் இருந்தவை செல்லும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் கல்யாண வீட்டு மொய்க்கு 100-உடன் சேர்த்து வைக்கச் சலவை நோட்டு கிடைக்காமல், கவரிலேயே நாணயத்தை ஒட்டி விற்கும் காலம் வந்தது.

திரும்ப வந்ததற்குப் பொருளாதாரக் காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2015 மார்ச் 6 அன்று ராஜஸ்தானின் நாத்துவாராவில் உள்ள ஸ்ரீநாத்ஜி கோயிலில், செயலாளர் ராஜீவ் மெஹ்ரிஷியின் கையெழுத்தோடு புதிய ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. 9.7-க்கு 6.3 சென்டிமீட்டர், நூறு சதவீதம் பருத்திக் காகிதம், ரூபாய் சின்னம் போட்ட நாணயப் படம், பின்னால் அதே சாகர் சாம்ராட், பதினைந்து மொழிகள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ஒரு நோட்டை அச்சடிக்க 1 ரூபாய் 14 காசு ஆகிறது என்று பதில் வந்தது. 1917-இல் நாணயத்தில் இருந்த வெள்ளி, நாணயத்தின் மதிப்பைத் தாண்டியதால் பிறந்த நோட்டு இது. இப்போது அதன் காகிதமே அதன் மதிப்பைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, உருக்கி விற்க முடியாது.

பழைய ஒரு ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. 786 எண் இருந்தால் இவ்வளவு, இன்னார் கையெழுத்து இருந்தால் அவ்வளவு என்று ஆசை காட்டி, முதலில் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்தியே இது நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்தது. குப்பாய் கையெழுத்திட்ட 1917 நோட்டு, துளை ஓரம் சிதையாமல் இருந்தால் நிச்சயம் நல்ல விலை பெறும். உங்கள் தாத்தா பெட்டியில் இருக்கும் எண்பதுகளின் கசங்கிய நோட்டுக்கு யாரும் லட்சம் தரப்போவதில்லை.

இதை எழுதி முடிக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று பக்கத்து வங்கிக் கிளைக்குப் போனேன். பத்து ரூபாய் நோட்டை நீட்டி, ஒரு ரூபாய் நோட்டாகப் பத்து கிடைக்குமா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நோட்டெல்லாம் எங்களுக்கு வர்றதில்ல சார். காயினாத் தரட்டுமா?”

பத்து எவர்சில்வர் வட்டங்களை எண்ணித் தள்ளினார். சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.